இரண்டு ஊசிகளுக்கு நடுவே இருபது நாள்

மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ மருந்துகள் பலவற்றை 21 நாளைக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். சிவகங்கை மாவட்டத்து நாட்டரசன்கோட்டையிலிருந்து கிளம்பும் ஒரு பெண்ணுக்கு அதில் ஒரு நாள் மதுரையில் கழியும். விடிவதற்குள் பேருந்து, ரத்தப் பரிசோதனை, காத்திருப்பு, சில மணி நேரம் மருந்து, இருட்டுவதற்குள் வீடு. மீதி 20 நாளும் அவர் ஊரில்தான் இருக்கிறார். குமட்டலும் அசதியும் முடி கொட்டுவதும் ஊரில்தான். தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதும், அடுத்த ஸ்கேனில் என்ன வருமோ என்று வயிற்றைப் பிசைவதும், மகள் கல்யாணம் வரைக்குமாவது தாங்குமா என்று கணக்குப் போடுவதும் அங்கேதான். கட்டியை அழிக்கிற வேலைக்கு அரசு கட்டடமும் கருவியும் காப்பீட்டு அட்டையும் தந்திருக்கிறது. அந்த 20 நாளுக்கு என்று ஏறக்குறைய எதுவும் தரவில்லை. மனநல ஆலோசனை, மூச்சுப் பயிற்சி, தசை தளர்த்தும் பயிற்சி, மிதமான யோகா, நடை, நோயாளிகள் கூடிப் பேசுவது ஆகியவை சென்னையிலும் பெங்களூரிலும் சில பெரிய மருத்துவமனைகளின் வளாகத்துக்குள் கிடைக்கின்றன. அவை ஊர் மட்டத்தில், ஆரம்ப சுகாதார அமைப்பின் வழியாக, புற்றுநோய் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கிடைக்க வேண்டும். அவை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை விட்டுவிட்டால் முதலாவதை வலியுறுத்தும் தகுதி நமக்கு இல்லை.

நோய் வந்தால் மனம் கலங்கத்தானே செய்யும், அதற்கென்ன தனி வைத்தியம் என்று கேட்கலாம். கலக்கம் வேறு, நோயாகிவிட்ட கலக்கம் வேறு. புற்றுநோய்ப் பிரிவுகளில் சிகிச்சை பெறுவோரைப் பற்றிய பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் லான்செட் ஆங்காலஜி இதழ் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. நேரில் பேசிக் கணித்தவற்றை மட்டுமே எடுத்துக்கொண்ட தொகுப்பு அது. சுமார் 16 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய், 10 விழுக்காட்டினருக்குப் பதற்ற நோய், நிலைமைக்கு ஈடுகொடுக்க முடியாத தவிப்பையும் கூட்டினால் மூன்றில் ஒருவர் அல்லது அதற்கும் மேல் என்று அது கண்டது. சுவீடனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2012-ல் வெளிவந்த முடிவு இன்னும் கடுமையானது. புற்றுநோய் என்று சொல்லப்பட்ட முதல் வாரத்தில் தற்கொலை அபாயம், அந்த நோய் இல்லாதவர்களைவிட 12 மடங்குக்கும் அதிகம். கீமோவின் பக்கவிளைவோ வலியோ தொடங்குவதற்கு முன்பே, செய்தி மட்டுமே உடம்பில் இருக்கிற வாரம் அது. இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலிலும் குடும்பப் பிரச்சினைக்கு அடுத்தபடி தற்கொலைக்கான பெருங்காரணமாக நிற்பது நோய்தான். ரத்தத்தில் வெள்ளணு குறைந்தால் அடுத்த ஊசியைத் தள்ளிவைக்கிற கவனம் நம் மருத்துவமனைகளில் இருக்கிறது. ஒருவர் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை, இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார் என்றால் அதைக் குறித்துக்கொள்ளக் கோப்பில் ஒரு கட்டம்கூட இல்லாத இடங்களே அதிகம்.

இது தமிழகத்துக்குப் புதிய சிந்தனை அல்ல. நாட்டரசன்கோட்டைக்குப் பக்கத்துச் சீமையான புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரிலிருந்துதான் அடையாறு புற்றுநோய் நிலையத்தை எழுப்பினார். 1954-ல் சில குடிசைகளில் தொடங்கிய அந்த நிலையத்தில் இன்று உளவியல் ஆலோசனைக்கெனத் தனித் துறையே இருக்கிறது. அமெரிக்காவில் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர் 1977-ல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் புற்றுநோயாளிகளுக்கென முழுநேர மனநலப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார். நாடி, மூச்சு, காய்ச்சல், ரத்த அழுத்தம், வலி ஆகிய ஐந்தையும் குறிப்பது போல மனவேதனையையும் ஆறாவதாகக் குறிக்க வேண்டும் என்ற கோரிக்கை அந்த மரபில் வந்ததுதான். அதற்கான கருவி மிக எளிமையானது. காய்ச்சல்மானி போன்ற ஒரு படத்தில் 0 முதல் 10 வரை கோடுகள். கடந்த ஒரு வாரத்தில் உங்கள் வேதனை எவ்வளவு என்று காட்டச் சொல்வார்கள். 4 அல்லது அதற்கு மேல் காட்டினால் கூடுதலாகப் பேச வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரல் வைத்துக் காட்டிவிடலாம். ஒரு தாளும் ஒரு நிமிடமும் போதும். மருத்துவத்தில் இவ்வளவு மலிவான பரிசோதனை வேறு உண்டா என்பது சந்தேகம்தான். ஆனாலும் அது அடையாற்றைத் தாண்டிச் சிவகங்கைச் சீமை வரை வந்து சேரவில்லை.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். இங்கேதான் ஆர்வலர்களும் எதிர்ப்பாளர்களும் சேர்ந்தே குழப்புகிறார்கள். ஸ்டான்போர்டைச் சேர்ந்த டேவிட் ஸ்பீகல் 1989-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். மார்பகப் புற்றுநோய் உடலில் பரவிவிட்ட 86 பெண்கள். வழக்கமான மருத்துவம் எல்லோருக்கும் உண்டு. அவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் ஓராண்டு வாரந்தோறும் கூடி மரண பயத்தையும் குடும்பத்தையும் பற்றிப் பேசினார்கள், வலியைச் சமாளிக்க மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சியும் பெற்றார்கள். கூடிப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதம் உயிர் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதம். உலகமே நிமிர்ந்து பார்த்தது. மனம் நோயை வெல்லும் என்று புத்தகங்கள் குவிந்தன, முகாம்கள் முளைத்தன. பிறகு நடந்ததை அந்தப் புத்தகங்கள் சொல்வதில்லை. கனடாவில் 235 பெண்களைக் கொண்டு அதே முறையைப் பெரிதாகச் சோதித்தார்கள். 2001-ல் முடிவு வந்தது: ஆயுள் இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றே, 17.9 மாதமும் 17.6 மாதமும். ஸ்பீகலே தன் ஆய்வை மறுபடி செய்து பார்த்து, ஒட்டுமொத்தமாக ஆயுள் நீளவில்லை என்று 2007-ல் எழுதினார். தன் புகழுக்குக் காரணமான முடிவைத் தானே சோதித்து, அது நிற்கவில்லை என்று அச்சிட்ட அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம் வைக்கலாம். கனடா ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு வரியும் உண்டு. ஆயுள் கூடவில்லை, ஆனால் கூடிப் பேசிய பெண்களுக்கு மனவேதனையும் வலியும் குறைந்தன. அதிலும் தொடக்கத்தில் அதிகம் தவித்தவர்களுக்கே அதிகம் குறைந்தன. என் வாதம் முழுவதும் இந்த வரியின் மேல்தான் நிற்கிறது. எஞ்சிய 18 மாதம் 18 மாதமாகவே இருந்தாலும், அதைத் தூங்கிக் கழிக்க முடிகிறதா, தவித்துக் கழிக்க வேண்டியிருக்கிறதா என்பது சின்ன விஷயமா?

அதற்குப் பின் வந்த ஆய்வுகள் இதே திசையில்தான் செல்கின்றன. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம், ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவ அமைப்போடு சேர்ந்து 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மனக்கவனப் பயிற்சியைச் சிகிச்சையின்போதும் பிறகும் பரிந்துரைக்கிறது. மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு யோகாவையும் சேர்க்கிறது. 2024-ல் வந்த மற்றொரு வழிகாட்டி, ஓய்வெடுத்தாலும் தீராத அந்த அசதிக்கு உடற்பயிற்சியை முன்னால் வைக்கிறது. கீமோவில் இருப்பவரை அசையாமல் படுக்க வைப்பதுதான் பாசம் என்று நம்புகிற நம் வீடுகளுக்கு இது நெருடலாகத்தான் இருக்கும். உடற்பயிற்சியைப் பற்றி 2025-ல் இன்னும் வலுவான செய்தி வந்தது. குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடிந்த 889 பேரில் ஒரு பாதியினருக்கு மூன்றாண்டு பயிற்சியாளர் துணையோடு நடையும் உடற்பயிற்சியும் தரப்பட்டன. ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் அந்தப் பாதியில் 80.3 விழுக்காடு, அறிவுரைக் கையேடு மட்டும் பெற்ற பாதியில் 73.9. மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு யோகா கொடுத்து, நோய் திரும்புவது குறைந்ததாக 2022-ல் ஒரு மாநாட்டில் அறிவித்தது. அதை வைத்து ஆயுள் கணக்குப் போட நான் தயாரில்லை. ஸ்பீகல் கதை நமக்குக் கற்றுத்தந்திருப்பது பொறுமையைத்தான். பதற்றம், தூக்கமின்மை, அசதி ஆகியவற்றுக்கான பயன் மட்டும் ஒரே ஆய்வைச் சார்ந்து நிற்கவில்லை, அதுவே இந்தக் கோரிக்கைக்குப் போதுமானது.

எதிர்வாதங்களில் கனமானது மருத்துவர்களிடமிருந்து வருவது. யோகா, மூச்சு என்று பேசத் தொடங்கினால் நோயாளி ஊசியை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார், ஏற்கெனவே கைப்பேசியில் வரும் காணொளிகளே போதும் என்கிறார்கள். இந்த அச்சத்துக்குக் கணக்கு உண்டு. குணப்படுத்தக்கூடிய புற்றுநோய் இருந்தும் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2018-ல் எழுதினார்கள். அவர்களின் மரண அபாயம் 2.5 மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல். ஆகவே புற்றுநோயை மூச்சுப் பயிற்சியால் குணமாக்குவேன் என்பவரைச் சட்டம் விட்டுவைக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவரிடம் ஜனங்கள் ஏன் போகிறார்கள்? அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார், பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது. தூக்கத்துக்கும் பயத்துக்கும் மருத்துவமனையே எதுவும் தராதபோது அந்த வெற்றிடத்தைப் போலிகள் நிரப்புகிறார்கள். மருத்துவரின் கண் முன்னால், அதே அட்டையில் பதிவு செய்து கொடுக்கும் மூச்சுப் பயிற்சி, ஊசியை விட்டுவிடாமல் பிடித்துவைக்கும் கயிறாகக்கூட இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள நாட்டரசன்கோட்டைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கண் நோய்க்கு வேண்டிக்கொண்டு கண்ணுடைய நாயகி அம்மனுக்குக் கண்மலர் சாத்துகிற ஊர் அது. 1976-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை வந்தபின் கண்புரை அறுவைக்குப் போவதை அந்த நேர்த்திக்கடன் தடுத்ததாக யாரும் சொல்வதில்லை. வேண்டுதல் மனத்துக்கு, அறுவை கண்ணுக்கு என்று சனங்களே பிரித்துவைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு எதிர்வாதம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது: நாங்கள் தைரியம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம், வெளியாள் எதற்கு? தைரியம் சொல்வது பாசம்தான். ஆனால் 'மனசைத் தளரவிடாதே, மனசு வைத்தால் ஓடிப்போகும்' என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்கிற நோயாளிக்கு அது இரண்டு வேலை செய்கிறது. அழ நினைக்கிறபோது அழவிடாமல் தடுக்கிறது. நோய் முற்றினால், நான்தான் தளர்ந்துவிட்டேன் போலிருக்கிறது என்று பழியையும் தன் மேலேயே போட்டுக்கொள்ள வைக்கிறது. போராடும் குணம் கொண்டவர்கள் அதிகம் பிழைக்கிறார்களா என்பதைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கட்டுரை, அதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்றது. எவ்வளவு பெரிய விடுதலை அது! பயப்படலாம், அழலாம், கட்டி அதனால் பெரிதாகாது. வீடு செய்கிற இன்னொரு காரியம் மறைப்பது. கட்டி என்பார்கள், புண் என்பார்கள், அந்த வியாதி என்பார்கள், பெயரைச் சொல்ல மாட்டார்கள். நோயாளிக்குத் தெரியக் கூடாது என்று மகன் மருத்துவரிடம் தனியாக வந்து கேட்டுக்கொள்வது நம் மருத்துவமனைகளில் அன்றாடக் காட்சி. மதுரைக்குக் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, அழைத்துப் போகப்படுகிறவருக்குப் பக்கத்துப் படுக்கைக்காரரின் நிலையைப் பார்த்தே எல்லாம் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததை வீட்டாரிடம் சொல்ல முடியவில்லை, அவர்கள் தாங்கமாட்டார்கள் என்று இவர் மறைக்கிறார். இரு தரப்பும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டிருக்கும் வீட்டில் மூச்சுப் பயிற்சி எதைச் சாதிக்கும்? ஆலோசகர் ஒருவரின் முதல் வேலை அந்த நடிப்பைப் பக்குவமாக முடித்துவைப்பதுதான். உங்களுக்கு உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியிடமே கேட்பதிலிருந்து அது தொடங்கும்.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு: வலி. எலும்பில் பரவிய வலியோடு இருப்பவரைக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வது கொடுமை. முதலில் மார்பின், பிறகு தியானம். வலிநீக்கியான மார்பினை மருத்துவத்துக்குப் பெறுவதிலிருந்த கெடுபிடிகளைத் தளர்த்த 2014-லேயே சட்டம் திருத்தப்பட்டது. கேரளம் 2008-லேயே வலிதணிப்புச் சிகிச்சைக்கென ஒரு கொள்கை வகுத்து அதை ஊராட்சிகளின் பொறுப்பில் விட்டது. வலிதணிப்பு என்றாலே கடைசிக் கட்டம், கைவிரித்தாயிற்று என்று நம்மூரில் பொருள் கொள்கிறார்கள். பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரைக் கொண்டு பாஸ்டனில் நடந்து 2010-ல் வெளிவந்த ஆய்வு, நோய் தெரிந்த உடனேயே அதைத் தொடங்கியவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்ததைக் காட்டியது. அவர்கள் சராசரியாகச் சில மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள், 8.9 மாதத்துக்குப் பதில் 11.6.

அடுத்த கேள்வி எல்லோரும் கேட்பது: ஆளுக்கும் காசுக்கும் எங்கே போவது? புற்றுநோய் மருத்துவர்களே போதாத மாவட்டத்தில் உளவியலாளர் கேட்பது ஆடம்பரம் இல்லையா? புதிதாக ஒரு துறை எழுப்பு என்று நான் கேட்டால் இது சரியான கேள்வி. இருப்பதைக் கோத்துவிடத்தான் கேட்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுபோகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஏற்கெனவே அந்த வீட்டு வாசலுக்கு வருகிறார். அதே திட்டத்தில் வலிதணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். நாட்டரசன்கோட்டைக்குப் பக்கத்தில் சிவகங்கையில் 2012-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் ஆலோசகர்கள் தமிழில் பேசுகிறார்கள், இரவிலும் பேசுகிறார்கள். குறை என்னவென்றால் இவற்றில் எதற்கும் மற்றொன்று தெரியாது. மதுரையில் ஊசி போட்டுக்கொண்டவரின் பெயர் அவர் ஊர்த் தன்னார்வலரின் பட்டியலுக்கு வந்து சேர்வதில்லை. மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணின் கையில் 0 முதல் 10 வரை கோடு போட்ட தாள் இல்லை. அந்தத் தாளும், 4 அல்லது அதற்கு மேல் காட்டுபவரை யாரிடம் அனுப்புவது என்ற ஒரு தொலைபேசி எண்ணும், இரண்டு நாள் பயிற்சியும் கொடுப்பதற்கு எந்த நிதிக்குழுவின் ஒப்புதலும் தேவைப்படாது. ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் தன்னார்வலர்கள் சொற்ப ஊக்கத்தொகையில் உழைக்கிறார்கள். கூடுதல் வேலைக்குக் கூடுதல் தொகை இல்லையென்றால் தாள் பையிலேயே கிடக்கும், அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆள் கிடைத்தாலும் சிற்றூரில் ஒரு முட்டுக்கட்டை உண்டு, நகரத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளுக்கு அது தெரியாது. ஒரு பேரூராட்சியில் புற்றுநோயாளிகள் கூடும் இடம் என்று ஒரு பலகை வைத்தால் அங்கே யாரும் வரமாட்டார்கள். அந்தக் கதவுக்குள் நுழைவதைப் பார்த்தவர் சாயங்காலத்துக்குள் நான்கு வீட்டில் சொல்லிவிடுவார். குடும்பத்தில் அந்த வியாதி உண்டாம் என்ற பேச்சு மகளுக்கு வரும் வரனைத் தட்டிவிடும் என்று தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். சம்பந்தம் தெரிந்த வட்டத்துக்குள்ளேயே முடிகிற சமூகங்களில் அந்த அச்சம் இன்னும் கூர்மையானது. பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை என்று சொல்லித் தீர்க்கக்கூடிய அச்சம் அல்ல இது, வரன் பார்க்கிறவர்கள் மருத்துவ இதழ் படிப்பதில்லை. ஆகவே வழி வேறு. சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் நோயாளிகள் மருந்து வாங்கக் கூடும் நாளில், எல்லோருக்கும் பொதுவாக முக்கால் மணி நேரப் பயிற்சி. மூச்சு, தோள் கழுத்துத் தளர்த்தல், உட்கார்ந்தபடி செய்யும் ஆசனம், நடை. சர்க்கரைக்காரருக்கும் அது நல்லதுதான். யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தனியாகப் பேச வேண்டியவர் மருந்துச் சீட்டு வாங்கும் சாக்கில் உள்ளே போய்ப் பேசிவிட்டு வரலாம். குழுவாகப் பேச விரும்புகிறவர்களுக்கு மதுரையிலேயே, ஊசிக்குப் போகும் நாளிலேயே, காத்திருக்கும் நேரத்தில் குழு. அங்கே எல்லோரும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள், அடையாளம் காட்ட உள்ளூர்க்காரரும் இல்லை.

கோயில் மண்டபமோ சமூகக் கூடமோ இருக்கும்போது சுகாதார நிலையம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நாட்டரசன்கோட்டைக்கு ஒன்றுசேரத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தைப்பொங்கல் கழிந்து வரும் செவ்வாய்ப் பொங்கலில் நகரத்தார் குடும்பங்கள் புள்ளி எனப்படும் குடும்பக் கணக்கு வைத்து, சீட்டுக் குலுக்கி, நூற்றுக்கணக்கான பானைகளை வரிசைப்படுத்திப் பொங்கலிடுகிற ஒழுங்கைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். சா. கணேசன் 1939-ல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம், ஆண்டு விழாவின் நிறைவை இந்த ஊரிலுள்ள கம்பர் சமாதியில் நடத்தும் வழக்கம் உடையது. இந்த அமைப்புகள் பணத்தாலும் ஆளாலும் உதவலாம், உதவ வேண்டும். முதியவருக்குப் பாட்டுப் படிக்கவும், மதுரைக்குத் துணை போகவும் இவற்றிலிருந்து தன்னார்வலர் வரலாம். ஆனால் இடம் அரசின் இடமாகவே இருக்கட்டும். எந்தச் சாதிக் கூடத்தின் திண்ணையிலும் எல்லோரும் ஒரே இயல்போடு உட்கார்ந்துவிட மாட்டார்கள். இளையான்குடி முஸ்லிம் பெண்ணும் இடைக்காட்டூர் கிறித்தவப் பெரியவரும் மாவட்டத்தின் இதே சேவைக்குள் வருகிறவர்கள். யோகா ஒரு மதத்தின் சொத்து என்ற தயக்கத்தை வாதம் செய்து போக்க வேண்டியதில்லை. மந்திரம் இல்லாமல் மூச்சைக் கற்பிக்கலாம். எட்மண்ட் ஜேக்கப்சன் நூறாண்டுக்கு முன் வகுத்த, ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்தும் முறைக்கு எந்தச் சமயமும் கிடையாது. வேண்டாம் என்பவருக்கு நடை இருக்கிறது. திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் மூச்சைப் பற்றிச் சொன்னதை விரும்புகிறவர் வீட்டில் படித்துக்கொள்ளட்டும்.

பயிற்சி கொடுப்பவர் யார் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. எலும்புக்கு நோய் பரவியவர் முதுகை முறுக்கினால் எலும்பு முறியலாம். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பெண்ணுக்குக் கை வீங்கும் ஆபத்து உண்டு, அந்தக் கையை எப்படி, எவ்வளவு அசைப்பது என்று இயன்முறை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வயிற்று அறுவை ஆறாதவர் வேகமாக மூச்சை இழுத்துவிடும் கபாலபாதியைத் தொடவே கூடாது. வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் கூட்டத்துக்கே வரக் கூடாது. ஊருக்கு வரும் யோகா ஆசிரியர் நல்லவராக இருப்பது போதாது, இந்தப் பட்டியல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் அரசே யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி நடத்துகிறது. அங்கே படித்து வருகிறவர்களையும் இயன்முறை மருத்துவரையும் ஒரே சுற்றுப்பயணத்தில் இணைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

பேச்சில் விட்டுப்போகிறவர்கள் கூடவே இருப்பவர்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று இரண்டு முதியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. எழுபது வயதுக் கணவருக்குக் குடல் புற்றுநோய் என்றால் பார்த்துக்கொள்கிறவர் மூட்டுவலியுள்ள மனைவி. சிறிய வீடுகளில் மகனோ மகளோ வளைகுடாவில் சம்பாதித்து அனுப்ப, பார்த்துக்கொள்வது மருமகள். இரவு எத்தனை முறை எழுந்தாள், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. நோயாளிக்கு நீட்டும் அதே 0 முதல் 10 தாளை அவளிடமும் நீட்ட வேண்டும், அவள் விரல் பல நேரம் நோயாளியின் விரலுக்கு மேலேதான் நிற்கும். நோயாளியே வீட்டின் சமையல்காரியாக இருந்துவிட்டால் கதை இன்னும் சிக்கல். நோய் அவருக்கு, ஆனால் உலை வைப்பதும் அவரே. ஓய்வெடு என்று சொல்கிற வீடு, அடுப்பை யார் பார்ப்பது என்பதைச் சொல்வதில்லை. ஆலோசகர் வீட்டு ஆண்களோடு பேச வேண்டிய விஷயம் இது.

கடைசியாக ஒரு சந்தேகம் மீதி இருக்கும். இவ்வளவும் செய்து பயன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும், இதுவும் பலகை மட்டும் தொங்கும் இன்னொரு திட்டம் ஆகாதா? அதற்கும் அந்தத் தாளே பதில். சிவகங்கை மாவட்டத்தில் இரண்டு மூன்று வட்டாரங்களில் ஓராண்டுக்கு மட்டும் தொடங்கலாம். புற்றுநோயாளி ஒவ்வொருவரிடமும் தொடக்கத்திலும், இரண்டாம் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும் வேதனை எண், தூக்க மணி, அசதி எண் ஆகிய மூன்றைக் குறிக்கலாம். ஊசியையோ கரண்டையோ பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதைச் சேவை இல்லாத வட்டாரங்களோடு ஒப்பிடலாம். மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைக்கு இது முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டு வேலை. வேதனையும் அசதியும் இறங்கித் தூக்கம் கூடினால் அடுத்த ஆண்டு மாவட்டம் முழுவதற்கும் விரிக்கலாம். அப்படி நடக்கவில்லையென்றால் எந்தப் பகுதி பயன்படவில்லை என்று பார்த்து அதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை மார்பினுக்கும் மதுரைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணத்துக்கும் கொடுத்துவிடலாம்.